வாசகர் கேள்வி–பதில்: மூச்சு வாங்கும் ஹார்டு டிஸ்க்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹார்டு டிஸ்க் பற்றியவை. ஒரே சாயலில் இருந்தவற்றைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): லேப்டாப்பில் 1 டிபி ஹார்டு டிஸ்க் இருக்கிறது. விண்டோஸ் திறக்கவே இப்போது கால் மணி நேரம் ஆகிறது. மகளின் ஆறு வருடப் படங்கள் ‘டி’ டிரைவில் உள்ளன. காப்பி போட்டால் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறம் காட்டுகிறது. ‘சி5’ என்ற வரியில் 190 என்று இருக்கிறது. செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். படங்கள் பத்திரமாக வெளியே வரும்வரை அந்த டிஸ்க்கில் எதையுமே எழுதக்கூடாது. செக்டிஸ்க் எழுதும்.

முதலில் அந்த 190. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த எண்களை இயல்பாகப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். ஆகவே உங்கள் 190 என்பது உண்மையில் 400. மெனுவில் மூல மதிப்புகளைப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் வராது. ‘சி5’ சொல்வது இதுதான்: தகவல் எழுதப்படும் சிறு கட்டங்களான செக்டார்களில் 400-ஐ டிஸ்க் படிக்கப் பார்த்துத் தோற்றுவிட்டது, அவற்றை என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த இடத்தில் அடுத்த முறை ஏதாவது எழுதப்படும்போதுதான் தேறுமா, மாற்றுச் செக்டார் ஒதுக்க வேண்டுமா என்று டிஸ்க் தீர்மானிக்கும். எழுதியதும் ‘சி5’ எண் குறையும். பார்ப்பவருக்கு டிஸ்க் குணமாகிவிட்டது போலத் தோன்றும். அங்கே இருந்த பழைய தகவல் போனது போனதுதான்.

செக்டிஸ்க் செய்வது இன்னொரு வகைக் கேடு. அதன் வேலை, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடான ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது. உங்கள் படங்களைக் காப்பது அதன் வேலை இல்லை. ஒரு ஃபோல்டரைப் பற்றிய பதிவைப் படிக்க முடியாவிட்டால், ‘இது பழுது’ என்று அந்தப் பதிவையே நீக்கிவிடும். அதில் இருந்த படங்கள் ‘ஃபவுண்ட்’ என்ற மறைவான ஃபோல்டருக்குள் வெறும் எண்களைப் பெயராகச் சுமந்து கிடக்கும், அல்லது அங்கும் இருக்காது. நல்ல டிஸ்க்கில் மின்வெட்டால் வந்த குழப்பத்துக்கு செக்டிஸ்க் சரி. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது மருந்தல்ல.

காப்பி ஏன் நிற்கிறது என்றால், படிக்க முடியாத செக்டார் ஒன்றைக் கண்டதும் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். சாதாரண டிஸ்க்குகள் ஒரே செக்டாருக்குப் பல விநாடிகள்கூடச் செலவழிக்கும். அது தோற்றதும் விண்டோஸ் மறுபடி கேட்கும். இத்தனை நேரமும் தகவலைப் படிக்கும் ஹெட் அதே கெட்ட இடத்தின் மேலேயே நிற்கிறது. தகவல் எழுதப்பட்ட சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. அங்கே சிறு கீறலோ துகளோ இருந்தால், ஒவ்வொரு முயற்சியும் ஹெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அதனால்தான் நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் தொடும் மென்பொருள் வேண்டும். அப்படி ஒன்று இலவசமாகவே இருக்கிறது: க்னூ திட்டத்தின் டிடிரெஸ்க்யூ.

தேவையானவை: 2 டிபி புது டிஸ்க் ஒன்று, 4 ஜிபி பென் டிரைவ் ஒன்று, வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர். முடிந்தால் பழுதான டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து கழற்றி, டெஸ்க்டாப் போர்டில் உள்ள சாட்டா இணைப்பில் நேராகச் செருகுங்கள். சாட்டாவை யுஎஸ்பியாக்கும் கேபிளும் உதவும். ஆனால் டிஸ்க் திணறும்போது அந்தக் கேபிளில் உள்ள சிப் இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்க்கும், வேலை தடைபடும். புது டிஸ்க் ஏன் 2 டிபி? முழு நகலுக்கு 1 டிபி, அதிலிருந்து எடுத்த ஃபைல்களுக்கு மீதி இடம். அதை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் திறங்கள். டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கும். உபுண்டு போன்றவை வெளியிலிருந்து செருகிய டிஸ்க்கைத் தாமாகவே திறந்துவிடும். சிஸ்டம்ரெஸ்க்யூ நீங்கள் சொன்னால்தான் தொடும். இப்போதைக்கு நமக்கு வேண்டியது அந்தக் குணம்தான். புது டிஸ்க்கை மட்டும் மவுண்ட் செய்யுங்கள், அதாவது ஃபைல்களைக் கையாளத் திறந்துகொள்ளுங்கள். பழுதானதை மவுண்ட் செய்யாதீர்கள்.

கட்டளையில் வரிசைதான் முக்கியம்: முதலில் பழுதான டிஸ்க், அடுத்து நகல் ஃபைலின் பெயர், கடைசியில் மேப் ஃபைலின் பெயர். முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் படங்கள் உள்ள டிஸ்க்கின் மேலேயே எழுதும் ஆபத்து உண்டு. எனவே டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, கொள்ளளவும் மாடல் எண்ணும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். முதல் சுற்றில், படிக்காத இடங்களைச் சுரண்டிப் பார்க்காதே என்று சொல்லும் ‘என்’ என்ற சிறிய எழுத்துத் தேர்வைச் சேர்க்க வேண்டும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடம் வந்ததும் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்துவிடும். எது கிடைத்தது, எது பாக்கி என்பது மேப் ஃபைலில் பதிவாகும். மின்சாரம் போனாலும் அதே கட்டளையை, அதே மேப் ஃபைலோடு மறுபடி கொடுத்தால் விட்ட இடத்தில் தொடரும். மேப் ஃபைல் கொடுக்காமல் ஓட்டுபவர்களும் உண்டு. எட்டு மணி நேர வேலை ஒரு மின்வெட்டில் போகும்.

நல்ல நிலையில், விநாடிக்கு 100 எம்பி வேகத்தில், 1 டிபிக்கு மூன்று மணி நேரம் போதும். உங்கள் டிஸ்க் இருக்கும் நிலையில் ஒரு நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை. டிஸ்க்கைத் தட்டையாக வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள், ஓடும்போது நகர்த்தாதீர்கள். எடுக்கப்பட்ட அளவு அசையாமல் பிழை எண் மட்டும் கிடுகிடுவென ஏறினால் டிஸ்க் இணைப்பிலிருந்து விழுந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி, பவரை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடங்குங்கள்.

முதல் சுற்று 99.99 சதவீதத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 டிபியில் மிச்சம் 100 எம்பி. இப்போது ‘என்’ தேர்வை எடுத்துவிட்டு, மூன்று முறை முயற்சி செய் என்று இன்னொரு சுற்று ஓட்டலாம். இதில் டிஸ்க் செத்தாலும் பெரும்பகுதி கையில் இருக்கிறது.

அதன் பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். மீதி வேலையெல்லாம் நகல் ஃபைலில்தான். விண்டோஸிலேயே 7-ஜிப் அந்த நகலைத் திறந்து உள்ளே உள்ள ஃபோல்டர்களைக் காட்டும். திறக்க மறுத்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள். செக்டிஸ்க் ஓட்டியே தீர வேண்டும் என்றால், இந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் ஓட்டிப் பாருங்கள்.

எந்தெந்தப் படங்கள் அடிபட்டன என்று கண்டுபிடிக்கவும் டிடிரெஸ்க்யூவில் வழி உண்டு. கிடைக்காத செக்டார்களில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை நகலுக்குள் நிரப்பச் செய்யலாம். பிறகு அந்தச் சொல் உள்ள ஃபைல்களைத் தேடினால் பழுதானவற்றின் பட்டியல் வந்துவிடும். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகி): கையடக்க யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் ‘டிக்… டிக்…’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. கம்ப்யூட்டரில் தெரியவில்லை. பாலிதீன் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று வீடியோவில் பார்த்தேன்.

பதில்: ஃப்ரீசரை மறந்துவிடுங்கள். குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும், நம் ஊர்க் காற்றில் குளிர்பான பாட்டில் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும். அந்த ஈரம் தட்டின் மேல் படிந்திருக்கும்போது ஹெட் அதன் மேல் பறக்க வேண்டும்.

டிக் சத்தத்துக்கு அஞ்சுவதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 துளை தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. சிறிய டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் ஒரு ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்கத் துளை, மின்சாரம் இல்லாத ஹப், நீளமான மலிவுக் கேபிள் ஆகியவற்றில் செருகினால் மோட்டார் தொடங்கி, விழுந்து, மறுபடி தொடங்கும். அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். வேறு குட்டைக் கேபிளால் பின்பக்கத் துளையில் ஒரே ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

அப்போதும் அதே சத்தம் என்றால் ஹெட் பழுது. தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் ஹெட் ஓரத்துக்குப் போய்ப் போய் மோதித் திரும்பும் சத்தம் அது. உடனே பிடுங்குங்கள். இதற்கு எந்த மென்பொருளும் கிடையாது. அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து, தூசில்லாத அறையில் மாற்ற வேண்டும். சத்தம் டிக் என்று இல்லாமல் மெல்லிய ‘பீப்’ போல இருந்தால், பெரும்பாலும் ஹெட் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு மோட்டார் சுழல முடியாமல் முனகுகிறது. கீழே விழுந்த டிஸ்க்குகளில் இது சாதாரணம். தட்டிப் பார்க்கவோ உதறிப் பார்க்கவோ வேண்டாம். தகரத்தில் ஆணி கீறுவது போன்ற உரசல் என்றால், ஒவ்வொரு விநாடியும் தட்டிலுள்ள காந்தப் பூச்சு தூளாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஆய்வகமும் கையை விரித்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): பெரிய வெளி ஹார்டு டிஸ்க்கில் அவசரத்தில் லேப்டாப் அடாப்டரைச் செருகிவிட்டேன். ஒரு நொடி பொசுங்கல் வாடை. இப்போது சத்தமே இல்லை. அதே மாடல் டிஸ்க் வாங்கி போர்டை மாற்றினால் ஓடுமா?

பதில்: கேட்ட கேள்விகளில் நல்ல செய்தி சொல்லத்தக்கது இதுதான். உங்கள் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர் 19 கொடுத்தது. முள் பொருந்திவிடுவதால் பலருக்கும் நேரும் விபத்து.

முதலில், செத்தது டிஸ்க்தானா என்று பாருங்கள். பெட்டிக்குள் சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் சிறு போர்டு தனியாக இருக்கும். 12 வோல்ட் நேராக அதற்குத்தான் வரும். டிஸ்க்கை வெளியே எடுத்து டெஸ்க்டாப்பில் சாட்டா வழியாகச் செருகினால் ஓடிவிடக்கூடும். ஓடியும் உள்ளே ஒன்றும் புரியாத குப்பையாகத் தெரிந்தால் பதறி ஃபார்மேட் கொடுத்துவிடாதீர்கள். சில பெட்டிகளில், நீங்கள் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும், அந்தச் சிறு போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக், மை பாஸ்போர்ட் வரிசைகளில் பல அப்படி. அப்போது அதே வகைப் பெட்டிப் போர்டு வேண்டும்.

டிஸ்க்கும் ஓடவில்லை என்றால், அதன் சொந்த போர்டில் பவர் இணைப்பு அருகே டிவிஎஸ் டயோடு என்ற கறுப்புப் பொடிச் சதுரங்கள் இரண்டு இருக்கும்: 5 வோல்ட் வழிக்கு ஒன்று, 12 வோல்ட் வழிக்கு ஒன்று. வோல்டேஜ் எகிறும்போது தன்னைக் குறுக்குச்சுற்றாக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. பவர் இல்லாமல் மல்டிமீட்டரை அதன் இரு முனைகளிலும் வையுங்கள். பீப் என்று கத்தி, ஓம் கிட்டத்தட்ட சுழியம் காட்டினால் அது செத்துப்போய் மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது. சாலிடரிங் தெரிந்தவர் அதைக் கழற்றிவிட்டால் டிஸ்க் பெரும்பாலும் எழுந்துவிடும். இனி காவல் இல்லை. சரியான அடாப்டரில் மட்டும், நகல் எடுக்கும்வரை மட்டும் ஓட்டுங்கள்.

போர்டை மட்டும் மாற்றுவது பழைய காலத்து வித்தை. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் அதன் ஹெட்டுக்கு ஏற்ற அளவீடுகள் போர்டிலுள்ள, எட்டுக் கால்கள் கொண்ட ஒரு குட்டி நினைவகச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் பெயர்த்து புது போர்டில் ஒட்டாவிட்டால் ஹெட் தடுமாறி டிக் டிக் என்று தொடங்கிவிடும். இல்லாத நோயை விலைக்கு வாங்குவது.

கேள்வி (டிடிபி நிலையம் நடத்தும் வாசகர், சிவகாசி): ஃபார்மேட் ஆகிவிட்ட டிஸ்க்கிலிருந்து ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் மூலம் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வந்தன. ஆனால் பெயர் எதுவும் இல்லை, எண்கள்தான். வேர்டு ஃபைல்களைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டனவா?

பதில்: பெரும்பாலும் கெடவில்லை. எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடு பரவுவதற்கு முன் நம் டிடிபி கடைகளில் ஆங்கில எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்களில்தான் வேலை நடந்தது. எழுத்துரு போனால் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே தெரியும். அவற்றில் ஒன்றான பாமினியை அடையாளம் காண ஒரு எளிய குறி: மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளிதான். வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் அது பாமினி. ஆங்கில எழுத்தே இல்லாமல், மேலே புள்ளியும் கூரையும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நிறைந்திருந்தால் டாப், டாம், டிஸ்கி போன்ற குறியீடுகளைச் சந்தேகியுங்கள். உரிய எழுத்துருவை நிறுவித் திறந்து பாருங்கள். சரியாகத் தெரிந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொள்ளுங்கள்.

பெயர்கள் போனது ஃபோட்டோரெக்கின் இயல்பு. அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் அடையாள பைட்டுகளைத் தேடி, அங்கிருந்து அள்ளும். பெயரும் ஃபோல்டரும் வேறிடத்தில் எழுதப்பட்டவை. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய ஃபைல்கள் பாதியோடு நின்றுபோவதும் இதனால்தான். ஆகவே ஃபோட்டோரெக் கடைசி வழி. விரைவு ஃபார்மேட் என்றால் பழைய பதிவுகளில் பெரும்பகுதி இன்னும் கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் அல்லது டிஎம்டிஇ கொண்டு முதலில் தேடினால் பெயரோடும் ஃபோல்டரோடும் திரும்பக்கூடும். நீங்கள் மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கிலேயே சேமித்திருக்கவில்லை என்று நம்புகிறோம்.

கேள்வி (மதுரை வாசகர்): எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த ஃபோல்டரை இதே முறையில் மீட்கலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. அழித்ததும் விண்டோஸ் ‘டிரிம்’ என்ற கட்டளையால் அந்த இடங்கள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அதன் பிறகு படித்தால் சுழியங்கள்தான் வரும். ரீசைக்கிள் பின், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றின் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள். சில புதிய வெளி ஹார்டு டிஸ்க்குகளும் டிரிம்மை ஏற்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகி): வீட்டுக்குள் மழைவெள்ளம் புகுந்து கம்ப்யூட்டர் முழுகிவிட்டது. டிஸ்க்கை அரிசியில் புதைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்க வேண்டும்?

பதில்: இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளின் மூடியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு மூச்சுத் துளை உண்டு. அதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருக்கலாம். வெள்ள நீர் வெறும் நீரல்ல, சேறும் சாக்கடையும் கலந்தது. அது உலர்ந்தால் தட்டில் உப்பாகவும் மண்ணாகவும் படியும், ஹெட் ஒட்டிக்கொள்ளும். அரிசித் தூசி அதற்கு மேல். ஈரத் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அப்படியே மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். ஒரு தடவை பவர் போட்டுப் பார்ப்போம் என்ற ஆசையும் வேண்டாம்.

கேள்வி (சேலம் வாசகர்): நகல் எடுத்தாயிற்று. ஆனால் திறந்தால் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எதையும் பூட்டவில்லையே?

பதில்: நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய பல லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு தானாக இயங்கிவிடும். அந்த எண் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவியைப் பாருங்கள். அலுவலக லேப்டாப் என்றால் அலுவலக நிர்வாகியிடம் இருக்கும். சாவி இல்லையென்றால் எந்தக் கடையாலும் முடியாது. முடியும் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஹெட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கடையில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: மூடியை எங்கே திறப்பீர்கள் என்று கேளுங்கள். வடிகட்டிய காற்று வீசும் மேசையோ அறையோ அவர்களிடமே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா? அனுப்பினால் தவறில்லை, தெரிந்திருக்க வேண்டும். சோதனைக்கு எவ்வளவு, டேட்டா வராவிட்டால் எவ்வளவு, மாற்று ஹெட்டுக்கான டிஸ்க்கின் விலை யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு உயிரான நாலைந்து ஃபோல்டர்களின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். மாற்றிய ஹெட் நீண்ட நாள் தாங்காது. எதை முதலில் படிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தால் அது உங்களுக்கு லாபம். முக்கியமாக, இதற்கு முன் யார் யார் என்ன செய்தார்கள் என்பதை மறைக்காதீர்கள்.

கேள்வி (ஈரோட்டிலிருந்தே இன்னொருவர்): ஃபைல்களை மீட்ட பிறகு பழைய டிஸ்க்கை முழுதாக ஃபார்மேட் செய்து சினிமா போட்டு வைக்கலாமா?

பதில்: ஏறியது ‘சி7’ மட்டும் என்றால் வைக்கலாம். அது கேபிளில் நேரும் பிழைகளின் கணக்கு. சாட்டா கேபிளை மாற்றினால் எண் அப்படியே நின்றுவிடும். ‘05’ (மாற்றுச் செக்டார் ஒதுக்கியவை), ‘சி5’, ‘சி6’ (திருத்த முடியாத செக்டார்கள்) ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் சினிமாகூட வேண்டாம். உடனே பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். மீட்ட ஃபைல்களில் நூறையாவது திறந்து, பெரிய வீடியோக்களைக் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்த பிறகு, டிஸ்க்கின் மூடியைத் திறந்து தட்டுகளைக் கீறிவிட்டுப் போடுங்கள். சிறிய டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சுத்தியல் எடுப்பதற்கு முன் துணியில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் சில்லு கண்ணில் தெறிக்கும்.